தேர்தலும் நட்பும்

கருத்து வேற்றுமை பகையாகாது என்பதற்குக் கொங்கு நாட்டிலேயே சான்றுண்டு. ஈரோட்டு நகரசபைத் தலைவராயிருந்த பெரியாரும், சேலம் நகரசபைத் தலைவராயிருந்த இராஜாஜியும் நெடுநாளைய நண்பர்கள். இராஜாஜி 1953இல் கொணர்ந்த கல்வித் திட்டத்தைப் பெரியார் கடுமையாக எதிர்த்தார். 1967 தேர்தலில் இருவரும் எதிரெதிர் அணிகளை ஆதரித்தனர். எனினும் 1972 டிசம்பரில் இராஜாஜி மறைந்தபோது, 93 வயதுப் பெரியார் சுடுகாட்டிற்கே சென்று கண்ணீர் உகுத்தார்.

தேர்தல் சில வாரங்களில் முடிந்துவிடும். வாய்க்கால் நீரும் சங்கத்து நூலும் ஆண்டு முழுதும் வேண்டும். ஆதலின் நாம் மூன்று நெறிகளைக் கைக்கொள்வோம். கொள்கையை மறுப்போம், குடும்பத்தைத் தூற்றோம். கட்சிச் சண்டையைச் சங்கத்தின் படியேற்றோம். முடிவு வெளியான மறுநாளும், எதிரணிக்கு வாக்களித்தவர் வயலுக்கு முறைத் தண்ணீரைத் தவறாது விடுவோம்.