வெல்டிங் சட்டம்: ஒரே ஃபைலா, அசெம்பிளியா?

கன்வேயருக்கு ஒரு தாங்கு சட்டம் வேண்டும். 50×50 ஸ்கொயர் டியூப்பில் நான்கு கால்கள், மேலும் கீழும் சுற்றுச்சட்டம், மூலைகளில் 6 மி.மீ. குசெட், காலடியில் 10 மி.மீ. பேஸ் பிளேட். இருபதுக்குக் குறையாத துண்டுகள். வெல்டிங் முடிந்தால் ஒரே பொருள். இதை ஒரே பார்ட் ஃபைலில் பல பாடிகளாக வரைவதா, துண்டுக்கு ஒரு ஃபைல் போட்டு அசெம்பிளியில் சேர்ப்பதா என்பதில் டிசைன் ஆபீஸ்களில் எப்போதும் இரண்டு கட்சி உண்டு. நான் பெரும்பாலும் முதல் கட்சி. ஏன், எதுவரை என்று சொல்கிறேன்.

சாலிட்வொர்க்ஸின் வெல்ட்மென்ட் வசதியில் முதலில் சட்டத்தின் எலும்புக்கூட்டைக் கோடுகளாக வரைகிறோம். பிறகு அந்தக் கோடுகளின் மேல் டியூப், சேனல், ஆங்கிள் எதுவானாலும் ஓட்டுகிறோம். மூலையில் 45 டிகிரி மைட்டரா, ஒன்றின் மேல் ஒன்று முட்டும் வெட்டா என்பதும் அங்கேயே முடிவாகிவிடும். உயரம் 900 இல்லை, 950 என்று வாடிக்கையாளர் சொன்னால் ஒரே ஓர் அளவை மாற்றினால் போதும்: கால் நீளும், குறுக்குத் தாங்கியின் வெட்டுக் கோணம் மாறும், கட் லிஸ்ட்டும் தானே திருந்தும். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு துண்டின் நீளம், இரு முனைக் கோணங்கள், எண்ணிக்கை எல்லாம் இருக்கும். ரம்பத்தில் நிற்பவருக்கு அது போதும். நம் ஐ.எஸ்.எம்.சி., ஐ.எஸ்.ஏ. அளவுகள் தொகுப்பில் இல்லாவிட்டால் குறுக்குவெட்டை ஒருமுறை வரைந்து சேமித்துக்கொள்ளலாம். அசெம்பிளியிலும் இவ்வளவும் செய்யலாம்தான். ஆனால் ஒரு ஃபைலின் அளவு இன்னொன்றைப் பிடித்துத் தொங்கும். யாராவது ஃபோல்டரை நகர்த்தினால் இணைப்பு அறுந்துவிடும்.

ஒரே ஃபைல் சிக்குவது எண்ணில். பாடிக்குத் தனி ஃபைல் கிடையாது. அதனால் தனிப் பார்ட் நம்பர், தனி ரிவிஷன் என்று பராமரிப்பதும் கடினம். அதே குசெட் ஐந்து மெஷின்களில் வருகிறது, வெளியே லேசரில் ஐந்நூறாக வெட்டி ஸ்டோரில் வைக்கிறீர்கள் என்றால் அதற்குச் சொந்த டிராயிங் வேண்டும். அதைச் சட்டத்துக்குள் ஒரு பாடியாகப் புதைப்பது பர்ச்சேஸ்காரரை வதைப்பது. பேரிங், கீல், லெவலிங் பேட் மாதிரி வாங்கிப் பொருத்துவதற்கும் வெல்ட்மென்ட் ஃபைலுக்குள் இடமில்லை. ஒரே ஃபைலில் இருவர் சேர்ந்து வேலை செய்யவும் முடியாது.

நடுவழி ஒன்று உண்டு. தேவையான பாடிகளை மட்டும் தனி ஃபைல்களாகச் சேமித்து, அவற்றுக்கு எண் கொடுக்கலாம். இணைப்பு ஒருவழிதான்: மூலத்தில் மாற்றினால் பிள்ளையில் மாறும், பிள்ளையில் போட்ட துளை மூலத்துக்குப் போகாது.

எல்லாவற்றையும்விட அதிகம் குழப்புவது வெல்டிங்குக்குப் பிந்தைய மெஷினிங். வெல்டிங் கட்டமைப்புகளுக்கான பொது அளவுத் தளர்வைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. 13920-இன் ‘பி’ வகுப்பில் 400-க்கு மேல் 1000 மி.மீ. வரையான நீளத்துக்கு ±3, அதற்கு மேல் 2000 வரை ±4 மி.மீ. அப்படியானால் 1200 மி.மீ. தள்ளி நிற்கும் இரண்டு பேரிங் தட்டுகளை வெல்டிங்கை நம்பி நிறுத்த முடியாது. தட்டைச் சில மி.மீ. தடிமன் கூட்டி வைத்து, வெல்டிங் முடிந்ததும் ஒரே செட்டிங்கில் மில் செய்து துளை போடவேண்டும். மாடலும் இதே வரிசையைச் சொல்லவேண்டும். துளையைத் தட்டின் சொந்த ஃபைலிலேயே போட்டுவிட்டால் பட்டறையில் அதை முன்கூட்டியே துளைத்துவிடுவார்கள். வெல்டிங் இழுத்ததும் இரண்டு துளைகளும் நேர்கோட்டில் நிற்காது.

அசெம்பிளியில் இதற்கு வழி சுலபம். வெட்டை அசெம்பிளி மட்டத்தில் கொடுத்தால், துண்டின் ஃபைல் வெட்டப்படாமலே இருக்கும். சாலிட்வொர்க்ஸின் ஒரே ஃபைலில் வெல்டிங் நிலைக்கு ஒன்று, மெஷினிங் நிலைக்கு ஒன்று என இரண்டு கன்ஃபிகரேஷன்கள் கிடைக்கும். மெஷினிங் வேலைகளை மரத்தின் கடைசியில் வைத்து, வெல்டிங் நிலையில் அவற்றை அடக்கிவைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷீட் எடுக்கலாம்.

இன்வென்டர் பயன்படுத்துகிறவர்களுக்கு என் கட்சி பொருந்தாது. அதில் வெல்டிங் என்பதே ஒரு வகை அசெம்பிளி. தயாரிப்பு, வெல்டிங், மெஷினிங் என்று மூன்று கட்டங்களை அதுவே பிரித்துத் தருகிறது. அதன் ஃபிரேம் ஜெனரேட்டரும் ஒவ்வொரு உறுப்பையும் தனி ஃபைலாகத்தான் போடும். அங்கே ஒரே ஃபைலுக்காக மல்லுக்கட்டாதீர்கள். ஃபைல் பெயர் முறையை மட்டும் முதல் நாளே முடிவுசெய்துவிடுங்கள்.

எந்த மென்பொருளானாலும், வெல்டிங் நின்று போல்ட் தொடங்குமிடத்தில் ஃபைலும் பிரியவேண்டும். லாரிக்காக இரண்டாகப் பிரித்து ஃபிளாஞ்சில் போல்ட் போடும் நீளச் சட்டம் இரண்டு வெல்ட்மென்ட். மேலே ஓர் அசெம்பிளி. வெல்டிங் மணியை முப்பரிமாணத்தில் வரைந்துகொண்டிருப்பது வீண் வேலை. டிராயிங்கில் குறியீடும் அளவும் சரியாக இருந்தால் வெல்டருக்குப் போதும்.

மவுஸைத் தொடும் முன் பட்டறையிடம் கேளுங்கள்: எந்தத் துண்டு வெளியே வெட்டப்படும் அல்லது ஸ்டோரில் இருக்கும்? வெல்டிங்குக்குப் பிறகு எந்த முகம் மெஷினுக்குப் போகும்? பதில் கிடைக்காமல் சாலிட்வொர்க்ஸில் வேலையைத் தொடங்கியே ஆகவேண்டுமென்றால் ஒரே ஃபைலில் தொடங்குங்கள். பாடிகளைப் பிற்பாடு தனி ஃபைல்களாகப் பிரிக்கலாம். அசெம்பிளியையும் ஒரே பார்ட்டாகச் சேமிக்கலாம்தான். ஆனால் உள்ளே ஸ்கெட்ச் இருக்காது, 900-ஐ 950 ஆக்க முடியாது.