‘பக்கம் இல்லை’ கடைசியில் வரட்டும்

மஸ்ஜித் இந்தியாவில் மாமாவின் துணிக்கடைக்கு ஆங்குலரில் இணையதளம் செய்து கொடுத்திருந்தேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் சேலைப் பகுதியைத் தனி மாட்யூலாக்கி ஏற்றினேன். திறந்தால் ‘பக்கம் இல்லை’! மாமா போன் போட்டார்: “கடை நிறையச் சேலை இருக்கு, இல்லன்னு சொல்லுதேப்பா!”

தப்பு என்னுடையதுதான். ரவுட்டர் வழிகளை வரிசையாகப் பார்த்து, முதலில் பொருந்துவதையே எடுக்கும்.  என்ற வழி எந்த முகவரிக்கும் பொருந்தும். அது இருக்கிற ரவுட்டிங் மாட்யூலை இம்போர்ட்ஸ் பட்டியலில் சேலை மாட்யூலுக்கு மேலே போட்டிருக்கிறேன். அப்புறம் சேலைக்கு எங்கே முறை வரும்? கடைசிக்கு இறக்கினேன், சரியாகிவிட்டது.

இன்னொன்று நண்பர்களே. இத்தகைய தளங்களில் சர்வர் எந்த முகவரிக்கும் அதே இன்டெக்ஸ் பக்கத்தை 200 என்று அனுப்பும், 404 போகாது. அதனால் பிழைப் பக்கத்தில் நோஇன்டெக்ஸ் டேக் போடுங்கள். இல்லாவிட்டால் கூகுள் அதையும் நல்ல பக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம்.