டிஷ்வாஷர் அடியில் தண்ணீரா? முதலில் இதையெல்லாம் பாருங்கள்

கோடியக்கரையில் எங்கள் வீட்டுக்கு டிஷ்வாஷர் வந்த முதல் மழைக்காலத்திலேயே அதன் அடியில் தண்ணீர் தேங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து சர்வீஸ் ஆள் வர நான்கு நாள் ஆனது. வந்தவர் ஐந்தே நிமிடத்தில் ஒரு ரப்பர் வாஷரை மாற்றிவிட்டுப் புறப்பட்டார். அன்று முதல், ஒழுகினால் நானே முதலில் பார்த்துவிடுகிறேன். உப்புக்காற்றும் உவர்த்தண்ணீரும் உள்ள எங்கள் கரையோரத்தில் கற்றுக்கொண்டவை இவை. மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவும்.

1. தரை ஈரமாக இருந்தால் மெஷினைத் தொடுவதற்கு முன் கரண்டை நிறுத்துங்கள். மெஷினில் உள்ள பட்டனை அணைத்தால் போதாது. பிளக் பக்கம் தண்ணீர் போயிருந்தால் அங்கே கால் வைக்காமல், மெயின் போர்டில் அந்த லைனுக்கான எம்சிபியை இறக்குங்கள். அடுத்து, மெஷினுக்குத் தண்ணீர் போகும் குழாயை மூடுங்கள். துடைத்துக் காய்ந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

2. எங்கே ஒழுகுகிறது என்று தேடுவதற்கு முன் எப்போது ஒழுகுகிறது என்று கவனியுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். தண்ணீர் பிடிக்கும்போதே சொட்டினால் பின்பக்க இன்லெட் டியூப். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது முன்பக்கம் வழிந்தால் கதவு ரப்பர், நுரை, அல்லது பாத்திரம் அடுக்கிய விதம். அழுக்குத் தண்ணீரை வெளியேற்றும்போது வந்தால் வேஸ்ட் டியூபும் சிங்க் பைப்பும். மெஷின் ஓடாமல் சும்மா நிற்கும்போதே உள்ளே தண்ணீர் ஏறினால் அதன் நிறத்தைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் இன்லெட் வால்வு சரியாக மூடவில்லை. கலங்கலாக இருந்தால் சிங்க் தண்ணீர் திரும்பி வருகிறது.

3. மெஷினுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்து ஒரு முறை ஓட்டுங்கள். எந்த மூலை முதலில் நனைகிறதோ பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் கோளாறு. நனைந்த இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். சூடாக, வழவழப்பாக இருந்தால் கழுவிய தண்ணீர். குளிர்ந்து சுத்தமாக இருந்தால் குழாய்த் தண்ணீர்.

4. டிஷ்வாஷர் பவுடர் தீர்ந்த அன்று, பாத்திரம் விளக்கும் சாதா லிக்விடைக் கொஞ்சம் ஊற்றினால் என்ன என்று தோன்றும். ஊற்றவே ஊற்றாதீர்கள். அது நுரைக்கவே செய்யப்பட்டது. மெஷின் வேகமாக அடிக்கும் தண்ணீரில் நுரை பொங்கி, கதவிடுக்கு வழியாகத் தரைக்கு வந்துவிடும். ஏற்கனவே ஊற்றிவிட்டீர்களா? மெஷினை நிறுத்தி, நுரையைத் துணியால் வழித்தெடுத்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி, பவுடர் இல்லாமல் அலசும் புரோகிராமை மட்டும் இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். முன்கூட்டியே கையால் விளக்கிய பாத்திரத்தில் சோப்பு ஒட்டியிருந்தாலும் இதே கதைதான்.

5. உப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி தடையை மீறி உப்பு அள்ளிய அகஸ்தியம்பள்ளி, வேதாரண்யத்திலிருந்து எங்கள் ஊருக்கு வரும் வழியில்தான் இருக்கிறது. சுற்றிலும் உப்பளம். இங்கே உட்கார்ந்துகொண்டு டிஷ்வாஷருக்கென்று தனி உப்பைக் காசு கொடுத்து வாங்க யாருக்குத்தான் மனசு வரும்? ஆனாலும் வாங்கத்தான் வேண்டும். மெஷினுக்குள் கடினநீரை மென்னீராக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அதைப் புதுப்பிக்கத்தான் உப்பு கேட்கிறது. அளத்து உப்பில் மக்னீசியம், கால்சியம், மண் எல்லாம் கலந்திருக்கும். எதை நீக்க உப்புப் போடுகிறோமோ அதையே திரும்ப உள்ளே கொட்டியது போலாகும். பாக்கெட் தூள் உப்பும் வேண்டாம். அதில் கட்டிபடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அடைத்துக்கொள்ளும். மென்னீராக்கும் பகுதி கெட்டால் கதவு ரப்பரில் வெள்ளைப் படிவு ஏறி, கதவு இறுக்கமாக மூடாமல் ஒழுக ஆரம்பிக்கும்.

6. உப்புப் பெட்டியின் மூடியில் ஒரு கல் உப்பு சிக்கினால்கூட அது சரியாக மூடாது. உப்பு போட்டதும் மரையையும் சுற்றுப்புறத்தையும் ஈரத்துணியால் துடைத்து, மூடியை இறுக்கி, உடனே ஒரு புரோகிராம் ஓட்டுங்கள். சிந்திய உப்புத்தண்ணீர் இரவு முழுக்கத் தேங்கினால் ஸ்டீலே துருப்பிடிக்கும். தொட்டியில் ஓட்டை விழுந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் பலிக்காது.

7. கதவைச் சுற்றியுள்ள ரப்பரை வாரம் ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். கீழ் விளிம்பில்தான் எண்ணெயும் பருக்கையும் சேரும். அங்கே பழைய டூத் பிரஷ் நல்லது. கத்தியால் சுரண்டாதீர்கள். வெள்ளைப் படிவுக்கு எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்துத் தடவி, சற்று நேரம் கழித்துத் துடைத்துவிடுங்கள். ரப்பர் விறைத்தோ வெடித்தோ இருந்தால் மாற்றுவதுதான் வழி. மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய், அதே மாடலுக்கானதை வாங்குங்கள்.

8. சோற்றுப் பருக்கை, மீன் செதில், கறிவேப்பிலை, மண்சட்டியின் ஓரச் சில்லு. நெல் விளையும் மண்ணில், கடலோர வீட்டில், ஃபில்டரை அடைப்பவை இவைதான். அடைத்தால் தண்ணீர் இறங்காமல் மட்டம் உயர்ந்து முன்பக்கம் வழியும். தினமும் கழற்றிக் குழாயடியில் அலசுங்கள். திரும்ப மாட்டும்போது பூட்டு விழுந்ததா என்று பாருங்கள். ஃபில்டர் குழியில் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் நிற்பது இயல்பு. அது பழுதல்ல.

9. கரண்டிக் காம்போ தட்டின் விளிம்போ துருத்திக்கொண்டிருந்தால் கதவு முழுதாக மூடாது. அடுக்கி முடித்ததும் தண்ணீர் பீய்ச்சும் கைகளை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். எதிலும் இடிக்கக் கூடாது. கையில் விரிசல் விட்டிருந்தால் தண்ணீர் நேராகக் கதவில் அடிக்கும்.

10. மெஷின் முன்பக்கம் சாய்ந்திருந்தாலும் கதவு வழியாக ஒழுகும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, கால் திருகுகளைச் சரிசெய்யுங்கள்.

11. இன்லெட் டியூபைக் குழாயில் மாட்டும் இடத்தில், உள்ளே ரப்பர் வாஷர் இருக்கும். அது நசுங்கியோ காய்ந்தோ போனால் சொட்டும். வேதாரண்யம் ஹார்டுவேர் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். புதிதைப் போட்டு முதலில் கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் வாஷர் வெட்டுப்படும். டியூபைப் பிடித்திருக்கும் கிளிப் சாதா இரும்பாக இருந்தால் கடற்காற்றில் சீக்கிரமே துருவேறி விட்டுப்போகும். ஸ்டெயின்லெஸ் கிளிப் போடுங்கள். 316 ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஐப்பசி மழைக்கு முன் எல்லாக் கிளிப்பையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

12. சிங்குக்கு அடியில் எலி வருகிறதா? வேஸ்ட் டியூபை முழுக்கத் தடவிப் பாருங்கள். எலி கடித்த டியூபில் டேப் சுற்றுவது வீண். சுடுதண்ணீரில் பசை விட்டுவிடும். புது டியூபே போடுங்கள், எலி நுழையும் துவாரத்தைக் கம்பி வலையால் அடையுங்கள். டியூபைச் சிங்கின் அடிப்பாகம் வரை மேலே ஏற்றி, பிறகு வளைத்து இறக்கிப் பைப்பில் சேர்த்தால் சிங்க் தண்ணீர் மெஷினுக்குள் திரும்பாது.

13. கதவைத் திறந்ததும் மெஷினுக்கு மேலுள்ள மேடைக் கல்லின் அடிப்பக்கத்தில் நீர்த்துளி நின்றால் அது வெறும் ஆவி. கடலோரப் புழுக்கத்தில் சகஜம். அதற்காக யாரையும் கூப்பிட வேண்டாம்.

14. பல மெஷின்களில் அடித்தட்டில் ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் சேர்ந்தால் அது மேலெழும்பி, மெஷினை நிறுத்திவிடும். பாஷ் மெஷின்களில் அப்போது இ15 என்று காட்டும். மெஷினைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினால் மறுபடியும் ஓடும் என்று சொல்வார்கள். ஓடும்தான். ஆனால் தண்ணீர் வந்த வழி அப்படியே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஓட்டாதீர்கள்.

15. இவ்வளவும் பார்த்த பிறகும் நிற்கவில்லை என்றால் மோட்டார், பம்ப், உள் டியூப் பக்கம் கோளாறு இருக்கலாம். வாரண்டி இருக்கும்போது பின் தகட்டைக் கழற்ற வேண்டாம். ஒழுகுவதைச் செல்போனில் வீடியோ எடுத்து, மாடல் எண்ணோடு அனுப்பிவிட்டால், வருகிறவர் உரிய பாகத்தைக் கையோடு கொண்டுவருவார். அவர் வரும்வரை பாத்திரத்தைக் கையால் கழுவுங்கள். ஒழுகும் மெஷினை ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.