கோடையில் குடலுக்குக் காவல்: தயிர், மோர், பழைய சோறு பற்றிய பருவகால ஆலோசனை

சித்திரையின் பிற்பகுதியில் தொடங்கி வைகாசி நடுப்பகுதி வரை நீளும் அக்னி நட்சத்திர நாள்களில் வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஆகிய நோய்கள் தலைதூக்குவதற்குக் குடிநீர்த் தட்டுப்பாடும், கிடைத்த நீரைக் கொண்டு சமாளிக்க நேர்வதும், சமைத்த உணவு சில மணி நேரத்திலேயே கெட்டுவிடுவதும் காரணங்களாகின்றன. அதே வெப்பம் பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களையும் சோற்று நீரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களையும் விரைந்து பெருகச் செய்கிறது. ஆகவே உயிருள்ள புளித்த உணவை நாள்தோறும் சிறிதளவேனும் உண்பதும், அதைப் புளிக்கவைக்கும் முறையில் மற்றப் பருவங்களைவிடக் கூடுதல் கவனம் கொள்வதும் இப்போது ஒவ்வொரு வீட்டிலும் நடைபெற வேண்டியவை.

குடலின் உட்பரப்பை மூடியிருப்பது ஒற்றை அடுக்கு உயிரணுக்களே. அதன் ஒரு பக்கத்தில் உணவும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் நகர்ந்து செல்ல, மறுபக்கத்தில் உடலின் நோயெதிர்ப்பு அணுக்களுள் பெரும்பகுதி காத்திருக்கிறது. சுவிட்சர்லாந்து மருத்துவர் யோஹான் கொன்ராட் பேயர் 1677இல் விவரித்த நிணநீர்த் திட்டுகள் சிறுகுடலின் கடைப்பகுதியில் செறிந்துள்ளன. அத்திட்டுகளின் மேற்பரப்பில் உள்ள தனிவகை அணுக்கள், குடல்வழியே செல்லும் நுண்ணுயிர்களையும் அவற்றின் துணுக்குகளையும் உள்ளே வாங்கித் தர, அங்குள்ள நோயெதிர்ப்பு அணுக்கள் அவற்றை ஆராய்ந்து, இம்யூனோகுளோபுலின் ஏ எனப்படும் எதிர்ப்புரதம் உருவாக வழிசெய்கின்றன. இப்புரதம் சளிப்படலத்தில் கலந்து நோய்க்கிருமிகளின் மேல் படிந்து, அவை குடற்சுவரைப் பற்றிக்கொள்ள இயலாதவாறு தடுக்கிறது.

போதிய அளவில் உட்கொள்ளப்படும்போது உடல்நலத்துக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்களையே புரோபயாடிக் என்று 2001இல் உலக உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு வரையறுத்தது. லாக்டோபேசில்லஸ் போன்ற இவை லாக்டிக் அமிலத்தைச் சுரந்து சூழலின் அமிலத்தன்மையைக் கூட்டுவதால் பல நோய்க்கிருமிகள் வளர இயலாமல் போகின்றன. சில வகைகள் பிற பாக்டீரியாக்களைக் கொல்லும் சிறு புரதங்களையும் உண்டாக்குகின்றன. வேறு சில, குடலணுக்களிடையே உள்ள இணைப்புகள் இறுகுவதற்குத் துணைபுரிகின்றன. எனினும் உணவோடு வரும் இந்நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை குடலில் நிலையாகக் குடியேறுவதில்லை. கடந்து செல்லும் வழியிலேயே தம் பணியைச் செய்துவிட்டு, உண்பதை நிறுத்திய சில நாள்களிலோ வாரங்களிலோ மறைந்துவிடுகின்றன. வாரத்துக்கு ஒருநாள் நிறையத் தயிர் உண்பதைவிட நாள்தோறும் ஒரு குவளை மோர் அருந்துவது மேல் என்பதற்குக் காரணம் இதுவே.

ஒடிசாவின் கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2017இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வில், லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் வகை ஒன்றும் அதற்கு இரையாகும் ஒரு நார்ச்சர்க்கரையும் ஒரு வாரம் கொடுக்கப்பட்டபோது, குருதித்தொற்றோ அதனால் இறப்போ நேர்ந்த குழந்தைகளின் விகிதம் 9 விழுக்காட்டிலிருந்து 5.4 விழுக்காடாகக் குறைந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரைக் கொண்டு நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பத்து வாரம் புளித்த உணவுகளை மிகுதியாக உண்டவர்களின் குடல் நுண்ணுயிர்ப் பன்மை பெருகியதோடு, அழற்சியைக் காட்டும் 19 புரதங்களின் அளவும் இரத்தத்தில் குறைந்தது. முதல் ஆய்வு தேர்ந்தெடுத்த ஒரே வகை நுண்ணுயிரைப் பற்றியது. இரண்டாவது அன்றாட உணவைப் பற்றியது. வீட்டுத் தயிரில் எந்த வகை எவ்வளவு உள்ளது என்பது வீட்டுக்கு வீடு மாறுவதால், அதை மருந்துக்கு ஈடாகக் கருதுவது பொருந்தாது. நல்ல உணவாகக் கருதுவதே சரி.

இப்பருவத்தில் மிகுந்த கவனத்தைக் கோருவது பழைய சோறு. அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும் வெப்பத்திலும் சாவதில்லை. வடித்த சோறு குவியலாக மூடிய பாத்திரத்தில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. அந்நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. எனவே மிஞ்சிய சோற்றை அகன்ற தாம்பாளத்தில் பரப்பி விரைவில் ஆறவிட்டு, மண்பானையிலிட்டு, கொதித்து ஆறிய நீரைச் சோறு மூழ்குமளவு ஊற்றி, பானையின் வாயைத் தூய துணியால் வேடுகட்டி வைக்க வேண்டும். நீரில் லாக்டிக் அமிலம் ஏற ஏறக் கெடுதல் செய்யும் கிருமிகள் அடங்கிவிடும். மார்கழியில் நண்பகல் வரை தாங்கும் சோறு இப்போது தாங்காது என்பதால், இரவு உணவுக்குப் பின் நீரூற்றியதைக் காலை எட்டு மணிக்குள் உண்டுவிடுவதும், கையை விட்டுப் பிசையாமல் கரண்டியால் எடுப்பதும் நல்லது. இளம்புளிப்பு மணம் இயல்பானது. நூல் போன்ற பிசுபிசுப்போ அழுகல் வாடையோ பூசணமோ தென்பட்டால் நீராகாரத்தையும் சேர்த்துக் கொட்டிவிட வேண்டும். கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயமும் வீண்போவதில்லை. அதிலுள்ள நார்ச்சர்க்கரையும், ஆறிய சோற்றில் செரிக்காமல் எஞ்சும் மாவுப்பொருளும் பெருங்குடலில் நிலையாக வாழும் பாக்டீரியாக்களுக்கு இரையாக, அவை ப்யூட்டிரிக் அமிலத்தை உண்டாக்கிக் குடலணுக்களுக்கு ஊட்டம் தருகின்றன.

தயிருக்குப் பாலை நன்கு காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்ட பின்னரே உறைமோர் ஊற்ற வேண்டும். கொதிநிலைக்கு அருகில் ஊற்றினால் உறைய வைக்கும் பாக்டீரியாக்கள் மாண்டுவிடும். குளிர்காலத்தில் ஊற்றுவதில் பாதியளவு உறைமோரே இப்போது போதுமானது. தயிர் கெட்டியானவுடன், புளிப்பு மிஞ்சுமுன் குளிர்பெட்டியிலோ, அது இல்லாத வீட்டில் ஈரமணல் பரப்பிய தட்டின்மேலோ வைத்து, மறுநாளைய உறைக்குரியதை அப்போதே தனியே எடுத்துவைப்பது முறை. நீர்மோருக்குச் சேர்க்கும் நீரும் காய்ச்சி ஆறியதாகவே இருக்க வேண்டும். தண்ணீர்ப் பந்தல் அமைத்து மோர் வழங்கும் தொண்டு மனம் போற்றத்தக்கது; ஆனால் எங்கு உறைந்தது என்று தெரியாத பனிக்கட்டியை அதில் போட்டால் நூற்றுக்கணக்கானோருக்கு நோய் போய்ச் சேரும். பந்தல் நடத்துவோர் பனிக்கட்டியைத் தவிர்த்து, மூடியுள்ள பானையும் நீண்ட காம்புள்ள அகப்பையும் வைத்துக்கொள்வது கட்டாயம்.

இட்லி மாவைப் பொங்கச் செய்வதும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களே. ஆனால் ஆவியில் வேகும்போது அவை இறந்துவிடுவதால், இட்லி எளிதில் செரிக்கும் சத்துணவாக இருப்பினும் உயிருள்ள நுண்ணுயிர்களைத் தருவதில்லை. கொதிக்கவிட்ட மோர்க்குழம்புக்கும், உயர்வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டு அறை வெப்பநிலையில் மாதக்கணக்கில் கெடாதிருக்கும் அட்டைப்பெட்டி மோருக்கும் இதுவே பொருந்தும். கடைகளில் புரோபயாடிக் என்று விற்கப்படுவனவற்றை வாங்குவோர், நுண்ணுயிரின் பெயரும் எண்ணிக்கையும் உறைமேல் குறிக்கப்பட்டுள்ளனவா, கடைக்காரர் அதைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தாரா, சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு என்பவற்றைப் பார்த்து வாங்கலாம்.

வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டால் தயிரையோ புரோபயாடிக் மாத்திரையையோ நம்பிக் காலம் கடத்தலாகாது. வட அமெரிக்காவில் வயிற்றுப்போக்குடன் வந்த குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில், பரவலாகக் கொடுக்கப்படும் புரோபயாடிக் வகைகள் வெற்று மருந்தைவிடக் கூடுதல் பயன் தரவில்லை. உயிரைக் காப்பது இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைக் கரைசல். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு மருத்துவர் ஆலோசனைப்படி நாளுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகமும் சேர வேண்டும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குறைமாதக் குழந்தைகள், புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர் ஆகியோருக்கு உயிருள்ள நுண்ணுயிர் மருந்துகளே அரிதாகக் குருதித்தொற்றை விளைவிக்கக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லாமல் அவற்றைக் கொடுப்பது ஆபத்து. மலத்தில் இரத்தம், நிற்காத வாந்தி, குழி விழுந்த கண்கள், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் பிரியாமை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், கரைசலைக் கொடுத்துக்கொண்டே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே அழைத்துச் செல்ல வேண்டும்.