தங்க வந்தோரின் உரிமை

(இளங்கலை வணிகவியல், மூன்றாம் ஆண்டு)

விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்துத் தந்தார் வள்ளுவர். ஆனால் அவர் பாடிய விருந்தினர் காசு கொடுத்துத் தங்கியவர் அல்லர். முன்பணம் கட்டிவிட்டு இரண்டு நாள், மூன்று நாள் பிறர் வீட்டில் தங்க வருபவனை எந்தப் பெயரால் அழைப்பது என்பதே இன்று ஒரு சிக்கல். விருந்தினன் என்றால் அவனிடம் பணம் வாங்குவானேன்? வாடகைக்காரன் என்றால் அவனை ஒரே இரவில் வெளியே அனுப்பிவிட முடிவது எப்படி? இக்கேள்வி எனக்கு நூலகத்தில் தோன்றவில்லை. சென்னையில் ஒரு வீட்டு வாசலில், இரவு எட்டரை மணிக்கு, இரண்டு பைகளோடு நின்றபோது தோன்றியது.

சென்ற ஆண்டு என் சித்தி மகள் ஒரு பணித்தேர்வு எழுதச் சென்னை செல்ல வேண்டியிருந்தது. தனியே அனுப்ப வீட்டில் மனமில்லாததால் துணைக்கு நான் போனேன். கைபேசிச் செயலி ஒன்றின் வழியாகத் தேர்வு மையத்துக்கு அருகில் ஒரு வீட்டின் மாடி அறையை மூன்று இரவுகளுக்குப் பதிவு செய்தோம். இரவுக்கு 1,400 ரூபாய் வீதம் 4,200 ரூபாயும் முன்னதாகவே கட்டியாயிற்று. ‘தங்கைக்குத் தேர்வு, படிப்பதற்கு அமைதியான இடம் வேண்டும்’ என்று பதிவின்போதே எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி பின்னால் எவ்வளவு பயன்படும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதல் இரவில் குறையொன்றும் இல்லை. மறுநாள் மாலை வீட்டுக்காரர் மேலே வந்து எங்கள் அடையாள அட்டைகளை மீண்டும் கேட்டு வாங்கிப் பார்த்தார். என் தலைப்பெழுத்து வேறு, அவள் தலைப்பெழுத்து வேறு. “அண்ணன் தங்கை என்றீர்களே, இனிஷியல் எப்படித் தம்பி மாறும்?” என்றார். சித்தி மகள் என்றேன். தாயின் தங்கை பெற்ற பெண் தங்கைதான் என்பதைத் தமிழர் ஒருவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டி வந்ததே என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் கத்தவில்லை; தகாத சொல் ஒன்றும் சொல்லவில்லை. “அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள் தம்பி, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அரை மணி நேரம் கொடுத்தார். அன்றிரவு எழும்பூர் ரயில் நிலையத்தில், பயணிகளோடு பயணிகளாக, மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பைகளுக்கு நான் காவல். விடிந்ததும் அங்கேயே முகம் கழுவிக்கொண்டு தேர்வுக்குப் போனாள்.

ஊர் திரும்பிய சில நாட்களில் வணிகச் சட்ட வகுப்பில் ஒப்பந்த மீறல் பாடம் வந்தது. வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் நடந்ததைச் சொல்லி, “ஐயா, நாங்கள் போகமாட்டோம் என்று அங்கேயே இருந்திருக்கலாமா?” என்று கேட்டேன். “இருந்திருக்க முடியாது. ஆனால் சும்மா வந்திருக்கவும் வேண்டியதில்லை. ஈஸ்மெண்ட் சட்டத்தின் கடைசிப் பிரிவுகளைப் பார்” என்றார். அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களின் விரிவுதான் இக்கட்டுரை.

பிறர் இடத்தில் பணம் கொடுத்துத் தங்குவதைச் சட்டம் இருவகையாகப் பார்க்கிறது. ஒன்று குத்தகை, அதாவது இடத்தை அனுபவிக்கும் உரிமையே ஒரு காலத்துக்கு நம் கைக்கு மாறுவது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 105ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. மற்றொன்று உரிமம், பேச்சு வழக்கில் லைசென்ஸ். இதில் இடத்தின்மேல் நமக்கு எந்தப் பாத்தியமும் வருவதில்லை. அனுமதி இல்லாமல் செய்தால் குற்றமாகக்கூடிய ஒன்றை, அதாவது பிறர் வீட்டுக்குள் நுழைந்து தங்குவதை, அனுமதியோடு செய்கிறோம். அதே 1882இல் வந்த ஈஸ்மெண்ட் சட்டத்தின் 52ஆம் பிரிவு உரிமத்துக்கு இலக்கணம் கூறுகிறது. அச்சட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளுள் நம் சென்னை மாகாணமும் ஒன்று.

ஓர் ஏற்பாடு குத்தகையா உரிமமா என்பதைப் பத்திரத்தின் தலைப்பு முடிவு செய்வதில்லை. புது தில்லி இம்பீரியல் ஓட்டலில் முடிதிருத்தும் தொழிலுக்கென்று அறைகள் எடுத்த ஒருவரின் வழக்கில் 1959இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பத்திரத்தில் உரிமம் என்று எழுதியிருந்தும் அது குத்தகையே என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. இரு தரப்பாரின் உள்ளக்கருத்து என்ன, இடம் முழுவதும் ஒருவர் கைவசத்துக்கே விடப்பட்டதா என்பவற்றைப் பார்க்க வேண்டும் என்றார் நீதிபதி சுப்பாராவ். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், வீட்டுக்காரர் கீழே குடியிருக்க, மேலே மூன்று இரவு தங்கிய நாங்கள் உரிமம் பெற்றவர்களே. மாதக்கணக்கில் குடியிருக்கும் வாடகைதாரருக்கு உள்ள பாதுகாப்பு எங்களுக்கு இல்லை.

இவ்வளவு தூரம் படித்தபோது எனக்குச் சோர்வாகவே இருந்தது. உரிமம் கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறலாம் என்று 60ஆம் பிரிவு வேறு சொல்கிறது. ஆனால் அதற்கு நான்கு பிரிவுகள் தள்ளித்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. உரிமம் திரும்பப் பெறப்பட்டால் வெளியேறவும், வைத்திருக்கும் பொருள்களை எடுத்துச் செல்லவும் நியாயமான கால அவகாசம் தரவேண்டும் என்பது 63ஆம் பிரிவு. பணம் பெற்றுக்கொண்டு கொடுத்த உரிமத்தில், தங்கியவர் தம்மீது எந்தத் தவறும் இல்லாமல், ஒப்பந்தப்படியான அனுபவம் முடிவதற்கு முன்பே வெளியேற்றப்பட்டால், வெளியேற்றியவரிடமிருந்து இழப்பீடு பெற உரிமையுடையவர் என்பது 64ஆம் பிரிவு. எங்கள் கதையை யாரோ ஒருவர் 1882இலேயே கேட்டுவிட்டு எழுதியதுபோல் இருந்தது! இரவு எட்டரை மணிக்கு, மறுநாள் தேர்வு எழுத வேண்டிய பெண்ணுக்கு அரை மணி நேரம் என்பது நியாயமான அவகாசமா என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

இந்த விதியின் அருமை, இங்கிலாந்தில் இதற்காக நடந்த போராட்டத்தைப் பார்த்தால் விளங்கும். டங்காஸ்டர் குதிரைப் பந்தயத்துக்கு ஒரு கினி கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்கியவர் ஒருவரைப் பந்தய இடத்திலிருந்து வெளியேற்றினார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 1845இல் வந்த தீர்ப்பு, இடத்துக்குரியவர் அனுமதியை எப்போதும் திரும்பப் பெறலாம், அதன்பின் அங்கே நிற்பவர் அத்துமீறியவரே என்றது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, காற்று திசை மாறியது. லண்டனில் ஆறு பென்னி கொடுத்துத் திரைப்படம் பார்க்க உட்கார்ந்தவரை, சீட்டு வாங்கவில்லை என்று தவறாக எண்ணி வலுக்கட்டாயமாக வெளியேற்றிவிட்டார்கள். நடுவர் குழு அவருக்கு 150 பவுண்டு வழங்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆறு பென்னிக்கு 150 பவுண்டா என்று வியக்கலாம். அத்தொகை இருக்கையின் விலையன்று, பலர் முன்னிலையில் பட்ட அவமானத்தின் விலை.

எல்லா அவமானத்துக்கும் அப்படி விலை கிடைத்துவிடவில்லை. மேற்கிந்தியத் தீவுகளின் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் 1943இல் லார்ட்ஸ் மைதானத்தில் விளையாட லண்டன் வந்தார். இம்பீரியல் ஓட்டலில் மனைவி, மகளோடு நான்கு இரவு தங்கப் பதிவு செய்திருந்தார். (இது லண்டனில் இருந்தது, தில்லி ஓட்டலோடு பெயர்ப் பொருத்தம் தற்செயலே.) வந்து சேர்ந்ததும், ஒரு இரவுக்கு மேல் தங்க முடியாது, அங்குத் தங்கியிருக்கும் வெள்ளை அமெரிக்கர்களுக்குப் பிடிக்காது என்று சொல்லிவிட்டார்கள். அவர் வேறொரு ஓட்டலுக்குப் போனார், ஆனால் விடவில்லை. 1944இல் நீதிபதி பிர்க்கெட், விடுதி நடத்துவோன் தக்க காரணமின்றிப் பயணியை ஏற்க மறுத்தது தவறு என்று தீர்ப்பளித்தார். கிடைத்த இழப்பீடு ஐந்து கினிதான். வேறிடத்தில் தங்க இடம் கிடைத்துவிட்டதால் பண நட்டம் என்று காட்ட எதுவுமில்லை. மனம் பட்ட பாட்டுக்கு அந்த வழக்கில் தொகை இல்லை. ஆயினும் அந்த ஐந்து கினித் தீர்ப்பை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். அவரை மறுத்த மேலாளரின் பெயரை யாரும் படிப்பதில்லை.

நம் நாட்டில் இன்று நிலைமை அதைவிட நல்லது என்றே நான் கருதுகிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சேவை’ என்பதற்கான விளக்கத்திலேயே தங்குமிடமும் உணவும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளன. பணம் வாங்கிக்கொண்டு பாதியில் அனுப்புவது சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்; மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கலாம். நம்மைப் போன்ற மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சம்பவம் சென்னையில் நடந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும் என்பதே கெடு.

செயலி நடத்தும் நிறுவனங்கள் ‘நாங்கள் இடைத்தரகர் மட்டுமே’ என்று சொல்வது வழக்கம். எங்களுக்கும் முதலில் அந்தப் பதிலே வந்தது. ஆனால் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, அவர்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்தில் தீர்க்கவும் வேண்டும். விதியைக் குறிப்பிட்டு இரண்டாவது முறை எழுதியதும், தங்காத இரண்டு இரவுகளுக்கான 2,800 ரூபாய் திரும்பி வந்தது. முதற்கடிதத்துக்கும் இரண்டாவது கடிதத்துக்கும் இடையே மாறியது எங்கள் துன்பமன்று, எங்கள் படிப்பு.

இழப்பீடு எதுவரை செல்லும்? தங்கை அத்தேர்வில் தேறவில்லை. அந்த வேலையின் சம்பளத்தை வீட்டுக்காரரிடம் கேட்கலாமா என்று வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான், எல்லோரும் சிரித்தோம். ஆனால் கேள்வி சிரிப்புக்குரியது அன்று. ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, மீறலிலிருந்து இயல்பாக விளையும் நட்டத்தையும், ஒப்பந்தம் செய்யும்போதே இரு தரப்பாரும் அறிந்திருந்த நட்டத்தையும் தருகிறது. தொலைவான, மறைமுகமான நட்டத்தைத் தருவதில்லை. வேலை கிடைத்திருக்கும் என்பது தொலைவு. தேர்வுக்கு முந்திய இரவு உறக்கமும் படிப்பும் கெடும் என்பதோ தொலைவன்று. தேர்வுக்காகவே வருகிறோம் என்று முன்பே எழுதியிருந்தோமே! தங்கை நேர்மையானவள். “நான் தேறாததற்கு அது மட்டும் காரணமில்லை அண்ணா, கணக்குப் பகுதியில் நான் மோசம்” என்கிறாள்.

வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சொன்னதற்கு மேல் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, இரவெல்லாம் கூச்சலிட்டு, பொருள்களை உடைப்போரை அவர் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. ‘தம்மீது தவறு இல்லாமல்’ என்ற சொற்களைச் சட்டம் வீணாக வைக்கவில்லை. அடையாள அட்டை கேட்டதும் தவறன்று. தம் வீட்டுக்கென்று நிபந்தனைகள் வைத்திருந்தால் அவற்றைப் பணம் வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் வழக்கு. ஐயம் ஒன்று மட்டுமே ஒருவரின் தவறாகிவிடாது. கோவையில் நாட்கணக்கில் வாடகைக்கு விடப்பட்ட அடுக்குமாடி விடுதி ஒன்றை 2019இல் அதிகாரிகள் மூடி முத்திரையிட்டனர். திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்கியிருந்தனர் என்பது காரணங்களுள் ஒன்று. அவ்வாறு தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவுமில்லை என்று அவ்வாண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறி, முத்திரையை அகற்ற ஆணையிட்டது. இது அதிகாரிகளுக்குச் சொல்லப்பட்டதுதான். என்றாலும் ‘சட்டப்படி கூடாது’ என்று விருந்தினரை அச்சுறுத்தும் வீட்டுக்காரர்களுக்கும் அதில் பதில் இருக்கிறது. சாதி கேட்டு வெளியேற்றினால் நிலைமை வேறு. தீண்டாமையை முன்வைத்து விடுதிகளில் இடம் மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அச்சட்டத்தில் ‘ஓட்டல்’ என்ற சொல்லுக்குள் தங்கும் விடுதியும் அடங்கும்.

அன்றிரவு நான் செய்யத் தவறியவை இரண்டு. வெளியேறச் சொன்ன காரணத்தைச் செயலியிலேயே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். ஆட்டோவுக்குக் கொடுத்த கூலியையாவது குறித்து வைத்திருக்க வேண்டும். வாசலில் நின்று வாதாடாமல் வந்தது மட்டும் சரியென்றே நினைக்கிறேன். அறையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உரிமை நமக்கில்லை. அவர் கை வைத்துத் தள்ளியிருந்தால் 112க்கு அழைத்திருக்கலாம். அது வேறு வழக்கு.

எங்கள் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். மனுவில் இருவர் பெயரும் உண்டு. அடுத்த விசாரணைக்குத் தானும் வருவதாகத் தங்கை சொல்லியிருக்கிறாள். அவள் தாயும் என் தாயும் உடன்பிறந்தவர்கள் என்பதைக் காட்டப் பாட்டி வீட்டுப் பழைய குடும்ப அட்டையின் நகலையும் இணைத்துவிடலாமா என்று கேட்டேன்.

“அதெல்லாம் எதற்கு அண்ணா? பணம் கட்டிய ரசீது போதும்” என்றாள்.