பம்புக் கைப்பிடியும் பங்குக் குருவும்

ஆராய்ச்சி என்றதும் வெள்ளை அங்கி அணிந்து, கண்ணாடிக் குழாயைக் கையில் ஏந்திய விஞ்ஞானி ஒருவரே நம் மனக்கண்முன் தோன்றுகிறார். நோயைப் பற்றி ஆராய்வது மருத்துவர் வேலை. எண்ணிக்கைகளைப் பார்ப்பது பொருளாதார அறிஞர் வேலை. கால்வாய் கட்டுவது பொறியாளர் வேலை. ஆலயப் பணி குருவானவருக்கு உரியது. இப்படித் தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறோம். நம் பாட நேர அட்டவணையும் அப்படித்தானே அமைந்திருக்கிறது! ஆயின் 1854-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத் தெரு ஒன்றில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி இந்தப் பாகப்பிரிவினைக்கு அடங்கவில்லை. அதனை இங்கே காண்போம்.

வங்காளத்திலிருந்து பரவிய காலரா என்னும் வாந்திபேதி, 1831-ஆம் ஆண்டில் இங்கிலாந்தை எட்டியது. காலையில் நலமாக இருந்தவர் மாலைக்குள் மடிந்தனர். காரணம் எவருக்கும் விளங்கவில்லை. அழுகிய பொருள்களிலிருந்து எழும் தீய காற்றே நோயைப் பரப்புகிறது என்று புகழ்பெற்ற மருத்துவர்களும் அரசின் சுகாதார வாரியமும் உறுதியாக நம்பினர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஏழைகள் நெருங்கி வாழ்ந்த சந்துகளில் துர்நாற்றமும் இருந்தது, நோயும் இருந்தது. சேர்ந்து காணப்படும் இரண்டில் ஒன்றை மற்றொன்றுக்குக் காரணம் என்று எண்ணுவது மனித இயல்பு.

இது இறைவனின் தண்டனை என்று கருதியவர்களும் பலர். 1832-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் காலராவை முன்னிட்டு நாடு முழுவதற்கும் நோன்பு நாளாக அறிவிக்கப்பட்டது. 1853-இல் எடின்பரோ நகரத்துச் சபையார் மீண்டும் ஒரு நோன்பு நாள் வேண்டும் என்று கேட்டபோது, அன்றைய உள்துறை அமைச்சர் பாமர்ஸ்டன் பிரபு, முதலில் நகரின் அழுக்கை அகற்றுங்கள் என்னும் பொருள்படப் பதில் அனுப்பிவிட்டார். இச்செய்தி முதலில் எங்களுக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. செபத்தை ஏளனம் செய்தாரோ என்று எண்ணினோம். ஆனால் அவர் செபிக்க வேண்டாம் என்று கூறவில்லையே. கையில் துடைப்பமும் இருக்கட்டும் என்றுதானே கூறினார்!

இந்நிலையில்தான் டாக்டர் ஜான் ஸ்னோ வருகிறார். 1813-இல் யார்க் நகரில் ஒரு கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். பதினான்கு வயதில், அதாவது எங்களை விட இளையவராக இருந்தபோதே, மருத்துவர் ஒருவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தவர். பிற்காலத்தில் மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ந்து, 1853-இல் விக்டோரியா மகாராணியாரின் பிரசவத்தின்போது குளோரோபாரம் கொடுத்தவரும் இவரே. மூச்சோடு உட்சென்ற நஞ்சானால் முதலில் நுரையீரலையன்றோ தாக்க வேண்டும்? காலராவோ குடலைத் தாக்குகிறது. ஆகவே அது வாய்வழியே, பெரும்பாலும் குடிநீரோடு உட்செல்கிறது என்று அவர் முடிவு செய்து 1849-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பெரியோர் அதனை ஏற்கவில்லை.

1854 ஆகஸ்டு 31-ஆம் நாள் இரவு, சோஹோ பகுதியிலுள்ள பிராட் தெருவைச் சுற்றி நோய் திடீரென வெடித்தது. மூன்றே நாள்களில் 127 பேர் மாண்டனர். முடிவில் இறந்தோர் தொகை 616. தெருவில் ஒரு பம்பு இருந்தது. அதன் நீர் சுவையானது என்று பெயர் பெற்றிருந்ததால் பக்கத்துத் தெருவினரும் வந்து எடுத்துச் செல்வர். ஸ்னோவின் ஐயம் அந்தப் பம்பின் மேல் விழுந்தது. ஆனால் ஐயம் வேறு, சான்று வேறு அல்லவா?

இறந்தவர்களை எண்ணியதோடு அவர் நிற்கவில்லை. இறக்காதவர்களையும் தேடிச் சென்றார். எங்களை மிகவும் கவர்ந்தது இதுதான். பம்புக்கு அருகிலேயே ஏழையர் விடுதி ஒன்று இருந்தது. 535 பேர் அடைந்து கிடந்த அவ்விடத்தில் மாண்டவர் ஐவரே. அவ்விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவில் பீர் வடிக்கும் ஆலை ஒன்றில் எழுபதுக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர், ஒருவரும் சாகவில்லை. அவர்கள் பம்பு நீரைக் குடிப்பதேயில்லை. இதற்கு நேர்மாறாக, சில மைல் தொலைவில் நல்ல காற்று வீசும் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் ஒரு விதவைப் பெண்மணி காலராவால் இறந்திருந்தார். முன்பு பிராட் தெருவில் வாழ்ந்த அவர், அந்த நீரின் சுவையை மறக்க இயலாமல் வண்டியில் வரவழைத்துக் குடித்து வந்தார் என்று தெரிந்தது! காற்றா நீரா என்னும் வழக்கில் இதனினும் சிறந்த சாட்சி ஏது?

ஸ்னோ பங்குப் பேரவையினரிடம் சென்று வாதாட, செப்டம்பர் 8-ஆம் நாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. கைப்பிடியைக் கழற்றியதும் கொள்ளைநோய் நின்றது என்று பலர் எழுதுகிறார்கள். அது முழு உண்மை அன்று. மக்களில் பெரும்பகுதியினர் ஊரைவிட்டு ஓடிவிட்டதால் நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கிவிட்டது. ஸ்னோவே இதனை மறைக்காமல் எழுதி வைத்தார். ஆகவே எதிர்ப்பாளர் வாய் அடங்கவில்லை. அந்தக் கிணற்றுக்குள் நஞ்சு எப்படிப் போயிற்று என்ற கேள்விக்கும் அவரிடம் விடை இல்லை.

விடையைக் கண்டவர் மருத்துவர் அல்லர். பெர்விக் தெருவிலுள்ள புனித லூக்கா ஆலயத்தின் உதவிக் குருவாகிய ஹென்றி ஒயிட்ஹெட். இவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர், ஆங்கிலிக்கன் சபையினர். அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. கொள்ளைநோய் நாள்களில் வீடு வீடாகச் சென்று, சாகக் கிடந்தவர்களின் அருகில் அமர்ந்து ஆறுதல் கூறியவர். ஸ்னோ சொன்னதை இவர் நம்பவில்லை! பம்பு நீரை நிறையக் குடித்தும் பிழைத்தெழுந்தவர்களைத் தம் கண்ணாலேயே கண்டிருந்தார். ஸ்னோவின் கருத்து பிழை என்று காட்டிவிடலாம் என்றே விசாரணையைத் தொடங்கினார்.

பங்கு மக்கள் ஒவ்வொருவரையும் அவருக்குத் தெரியும். ஒரே குடும்பத்தை நான்கைந்து முறைகூடச் சந்தித்தார். இறந்தவர் பம்பு நீர் குடித்தாரா, எந்த நாளில் குடித்தார், தண்ணீர் எடுத்து வந்தது யார் என்று கேட்டு எழுதினார். துயரத்தில் இருக்கும் தாயிடம் முன்பின் அறியாத அதிகாரி ஒருவர் இக்கேள்விகளைக் கேட்டிருந்தால் பதில் வந்திருக்குமா? கணக்கு அவருக்கே எதிராகத் திரும்பியது. பம்பு நீரைக் குடித்த 137 பேரில் 80 பேருக்கு நோய் கண்டிருந்தது. குடிக்காத 297 பேரில் 20 பேருக்கே கண்டிருந்தது. தம் கருத்தை அவர் கைவிட்டார். ஸ்னோவின் பக்கம் சேர்ந்தார். தம் எண்ணத்துக்கு மாறாக வந்த கணக்கை அவர் ஒளித்து வைத்திருந்தால் கேட்பார் யாருமில்லை என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பின்னர் இறப்புப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வரி அவர் கண்ணில் பட்டது. பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டில் ஐந்து மாதப் பெண் குழந்தை ஒன்று செப்டம்பர் 2-ஆம் நாள் இறந்திருந்தது. அதற்கு வயிற்றுப்போக்கு கண்டதோ மற்றவர்களுக்கு முன்னரே! பம்போ அவ்வீட்டின் வாசலில் இருந்தது. அவர் தாய் சாரா லூயிசிடம் சென்று கேட்டார். குழந்தையின் துணிகளை அலசிய நீரை வீட்டு முன்புறத்து மலக்குழியில் ஊற்றியதாக அந்தத் தாய் கூறினாள். 1855-இல் யார்க் என்னும் நில அளவையாளர் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தார். மலக்குழியின் செங்கற்கள் சிதைந்து கிடந்தன. அதற்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடி தூரம்கூட இல்லை. கசிவு கிணற்றை அடைந்திருந்தது.

இன்னொன்றும் உண்டு. அக்குழந்தையின் தந்தை நோயில் விழுந்தது செப்டம்பர் 8, கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாள். அவருடைய துணியை அலசிய நீரும் அதே குழிக்குத்தான் சென்றிருக்கும். கைப்பிடி மட்டும் இருந்திருந்தால்? பழைய நோயைக் கைப்பிடி நிறுத்தவில்லை என்பது உண்மையே. ஆனால் புதியதொரு பேரழிவைத் தடுத்திருக்கலாம்.

ஸ்னோ அதே ஆண்டில் செய்த மற்றோர் ஆய்வைப் பொருளாதார மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். தென் இலண்டனில் இரண்டு தண்ணீர்க் கம்பெனிகள் போட்டியிட்டு ஒரே தெருவில் குழாய் பதித்திருந்தன. அண்டை வீட்டார் இருவர் வெவ்வேறு கம்பெனியின் நீரைக் குடிப்பர்; காற்றோ இருவருக்கும் ஒன்றே. லாம்பெத் கம்பெனி 1852-இல் தன் நீரெடுக்கும் இடத்தை, தேம்ஸ் நதியில் நகரின் கழிவு கலவாத மேற்பகுதிக்கு மாற்றியிருந்தது. மற்றது பணச் செலவுக்கு அஞ்சியோ என்னவோ, அப்போது மாற்றவில்லை. எந்த வீட்டுக்கு எந்த நீர் என்று வீட்டாருக்கே தெரியாத இடங்களில், வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்து உப்பின் அளவைக் கொண்டு ஸ்னோ கண்டுபிடித்தார். நம் மேல்நிலை வகுப்பு அக்காமார் ஆய்வுக்கூடத்தில் செய்யும் அதே சோதனைதான்! லாம்பெத் நீர் பெற்ற வீடுகளில் பத்தாயிரத்துக்கு 37 சாவு. மற்ற கம்பெனியின் வீடுகளில் 315.

இத்தனைக்குப் பிறகும் சுகாதார வாரியம் அசையவில்லை. ஸ்னோ 1858 ஜூன் 16-இல், 45 வயதிலேயே இறந்தார். (இளமையிலேயே மதுவிலக்கை மேற்கொண்ட அவர் பெயரில் இன்று அத்தெருவில் ஒரு மதுக்கடை இருக்கிறதாம்!) அதே ஜூன் மாத வெயிலில் தேம்ஸ் நதி நாறியது. பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் தோய்த்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. உடனே சட்டம் பிறந்தது. 30 இலட்சம் பவுன் ஒதுக்கப்பட்டது. ஏழைகளின் சாவுக்குத் திறவாத பணப்பெட்டி தங்கள் மூக்குக்குத் திறந்தது.

பொறியாளர் ஜோசப் பாசல்ஜெட் நதியில் நேரே விழுந்த சாக்கடைகளைக் குறுக்கே மறித்து, 82 மைல் நீளத்துக்குப் பாதாளச் சாக்கடைகள் கட்டிக் கழிவைக் கிழக்கே கொண்டு சென்றார். சில கால்வாய்களை முட்டை வடிவில் அமைத்தார். நீர் குறைவாக ஓடும்போதும் வேகம் தணியாமல் அழுக்கை இழுத்துச் செல்லும் என்பது கணக்கு. துர்நாற்றத்தை ஒழிக்கத்தான் அவை கட்டப்பட்டன. ஒழிந்ததோ காலரா!

1866-இல் காலரா மீண்டும் வந்தது. பாசல்ஜெட்டின் வேலை முடியாதிருந்த கிழக்கு இலண்டனையே அது பெரிதும் தாக்கி, 5,596 உயிர்களைக் கொண்டு சென்றது. அரசின் புள்ளிவிவர அறிஞர் வில்லியம் ஃபார், நெடுங்காலம் தீய காற்றுக் கொள்கையை நம்பியவர். அவர் இம்முறை அங்கே குடிநீர் வழங்கிய கம்பெனி எது என்று பார்த்தார். அதன் பிறகு இலண்டனில் காலரா கொள்ளைநோயாக வந்ததேயில்லை. ராபர்ட் காக் நம் கல்கத்தாவில் ஆராய்ந்து அந்நோயின் கிருமியை உறுதிப்படுத்தியது 1884-இல்தான். குருவானவர் ஒயிட்ஹெட் அப்போது வடக்கே ஒரு நாட்டுப்புறப் பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தார். அவருடைய படிப்பறைச் சுவரில் டாக்டர் ஸ்னோவின் படம் தொங்கியது.