கண்ணை மூடவே பயமாக இருக்கிறது, டாக்டர்!

கேள்வி: எனக்கு வயது 36. ஈரோட்டில் வசிக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்பு ஒருநாள், தூங்கி ஒன்றரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, திடுக்கிட்டு எழுந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, மூச்சு முட்டியது, விரல்கள் மரத்துப்போயின. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி., எக்கோ, தைராய்டு, சர்க்கரை எல்லாம் நார்மல் என்றார்கள். அப்புறமும் நாலைந்து தடவை வந்துவிட்டது. மாமியார் 'அமுக்குவான் பேய்' என்று மந்திரிக்கச் சொல்கிறார். பாயை விரித்தாலே வயிற்றைக் கலக்குகிறது. லைட்டைப் போட்டுக்கொண்டு, நாடியைப் பிடித்துப் பார்த்தபடியே பாதி ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன். தூக்கத்திலேயே உயிர் போய்விடுமா?

பதில்: இந்தப் படபடப்பால் உயிர் போகாது, அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், இது தூக்கத்தில் வரும் 'பேனிக் அட்டாக்' போலத்தான் தெரிகிறது.

அமுக்குவான் என்று நம் வீடுகளில் சொல்வது வேறு. அதில் விழிப்பு வந்திருக்கும், கைகாலை அசைக்க முடியாது. கனவுத் தூக்கத்தின் தளர்ச்சி உடம்பைவிட்டு இன்னும் விலகாத நிலை அது. உங்களுக்கு வருவது போன்ற அட்டாக் பெரும்பாலும் படுத்த முதல் மூன்று மணி நேரத்துக்குள், லேசான தூக்கம் ஆழ்ந்த தூக்கமாகும் வேளையில் வரும். கனவு எதுவும் இருக்காது. காரணமே இல்லாமல் வந்த மாதிரி இருப்பதால்தான் பயம் அதிகமாகிறது. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் மரத்தது அதனால்தான். பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானாகவே இறங்கிவிடும்.

ராத்திரியெல்லாம் நாடியைப் பிடித்துக்கொண்டு காவல் இருக்கிறீர்களே, என் கவலை அதைப் பற்றித்தான். காவல் இருந்ததால்தான் பிழைத்தோம் என்று மனசு கணக்கு வைத்துக்கொள்கிறது. தூக்கம் கெடக் கெட, அடுத்த அட்டாக் வருவதும் சுலபமாகிறது. ஆகவே, இன்றைக்கு நாடியிலிருந்து மட்டும் கையை எடுங்கள். லைட்டை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். காபி, டீ மத்தியானத்தோடு சரி. குடித்த கஃபீனில் ஏறக்குறைய பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

அட்டாக் வந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். எழுந்து உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் பதியுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். "படபடப்பு வந்திருக்கிறது, போய்விடும்" என்று வாய்விட்டே சொல்லுங்கள். கணவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் வழக்கமாக வருவதுபோல் இல்லாமல் நெஞ்சை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் என்று வந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கணவரைக் கேளுங்கள். ஆம் என்றால் தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். நெஞ்செரிச்சலும் இப்படி எழுப்பிவிடும். அது இருந்தால் ராத்திரிச் சாப்பாட்டை முன்னதாக முடித்துவிடுங்கள்.

மெடிக்கலில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். பழகிவிட்டால் விடுவது பெரும்பாடு. இதற்கு 'சி.பி.டி.' என்ற பேச்சு சிகிச்சை நன்றாகவே உதவுகிறது. படி ஏறிப் படபடப்பை வரவழைத்து, அது தானாக அடங்குவதைப் பகலிலேயே பழக்குவதும் அதில் ஒரு பகுதி. மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவர் கொடுப்பார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நடுவில் விட்டுவிடாதீர்கள். நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால், 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மாமியாரிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் தூங்கும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது ஊர்க்கதை பேசினால், முதல் சில நாட்களுக்கு அது பெரிய தெம்பு.